மாண்டரின் கற்க வெளிநாடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: கையிலிருக்கும் மற்ற மொழிகளை என்ன செய்வது?

தமிழும் ஆங்கிலமும் வீட்டிலும் பள்ளியிலும் வந்துவிட்டன. கூடவே ஹிந்தியோ மலாயோ பிரெஞ்சோ ஜப்பானியமோ ஓரளவு தெரியும். இப்போது ஆறு மாதமோ ஒரு வருடமோ பெய்ஜிங்குக்கோ தைபேக்கோ போய் மாண்டரின் கற்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பக்கம் உங்களுக்கு. சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்து, அசையின் பின்னால் தொனியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தை, எண்ணாகக் காட்டியிருக்கிறோம்: மா1 (உயரத்தில் நிற்கும்), மா2 (ஏறும்), மா3 (தாழும்), மா4 (இறங்கும்). எண் இல்லாத அசை லேசாகச் சொல்லப்படுவது.

எந்த ஊருக்குப் போவது?

பொதுச்சீனத்தின், அதாவது வகுப்பில் கற்பிக்கும் தர மாண்டரினின், உச்சரிப்பு பெய்ஜிங் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் பெய்ஜிங் தெருவில் சொல்லின் கடைசியில் நாக்கை மடித்து ஒரு ‘ர்’ ஒட்டுவார்கள். புதிதாக வருபவருக்கு முதல் மாதம் அது தொல்லை, பிறகு பழகிவிடும். வடகிழக்கில் ஹார்பின் நகரத் தெருப்பேச்சு பாடப்புத்தகத்துக்கு மிக அருகில் இருக்கும். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 20க்குக் கீழே போகும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

தெற்கே போனால் கதை வேறு. குவாங்ஜோவில் கான்டனீஸ், ஷாங்ஹாயில் வூ. உங்களிடம் பேசும்போது பொதுச்சீனத்துக்கு மாறுவார்கள். தங்களுக்குள் பேசும்போது மாற மாட்டார்கள். சும்மா உட்கார்ந்து காது கொடுத்துக் கற்கும் பாடத்தில் பெரும்பகுதி அதனால் போய்விடும். செங்டு, குன்மிங் பக்கம் பேசுவதும் மாண்டரின் வகைதான், ஆனால் தொனிகள் இடம் மாறியிருக்கும். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் என்ற பாசத்தில் சுவான்ஜோவைத் தேர்ந்தெடுத்தால், பெரியவர்கள் பேசுவது மின்னான் என்ற வேறொரு சீன மொழி. போய்ப் பார்க்க நல்ல ஊர், தொடக்கநிலை மாணவருக்கு ஏற்ற ஊர் அல்ல.

தைபேயில் பேச்சு மென்மை, மக்கள் பொறுமை. ‘ஷ’வும் ‘ஸ’வும் பலர் வாயில் ஒன்றாகிவிடும். எழுத்து பழைய வடிவம். பள்ளிகளில் பின்யின் (சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) இல்லை, 37 குறிகள் கொண்ட ஜூயின் என்ற ஒலிக்குறி முறைதான். சொற்களும் மாறும்: தூ3தோவ்4 என்றால் பெய்ஜிங்கில் உருளைக்கிழங்கு, தைவானில் வேர்க்கடலை.

பெய்ஜிங் மொழி மற்றும் பண்பாட்டுப் பல்கலைக்கழகம் 1962 முதலும், தைபேயில் தேசியத் தைவான் நார்மல் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம் 1956 முதலும் வெளிநாட்டவருக்குக் கற்பித்து வருகின்றன. எங்கள் பரிந்துரை: மாண்டரின் மட்டும்தான் கவலை என்றால் வடசீனம். இரண்டு மூன்று மொழிகளை இணையம் வழியாக உயிரோடு வைத்திருக்கவும் வேண்டும் என்றால் தைபே. காரணம் கீழே, இணையக் கேள்வியில் இருக்கிறது.

விசாவில் கவனிக்க வேண்டியது?

சீனாவுக்கு 180 நாள் வரையிலான படிப்பு என்றால் எக்ஸ்2, அதற்கு மேல் எக்ஸ்1. எக்ஸ்1இல் போனவர்கள் இறங்கிய 30 நாளுக்குள் வசிப்பு அனுமதியாக மாற்ற வேண்டும். பலர் வகுப்பு மும்முரத்தில் இதைத் தள்ளிப்போட்டு மாட்டிக்கொள்கிறார்கள். ஹோட்டலில் தங்காமல் வாடகை வீட்டுக்குப் போனால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். வீடு மாறினால் மறுபடியும். தைவானில் மொழி மாணவர் விசாவுக்கு வாரம் 15 மணி நேர வகுப்பு குறைந்தபட்சம், வருகைப்பதிவு குறைந்தால் நீட்டிப்பில் சிக்கல் வரும்.

போவதற்கு முன்பு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

“அங்கே போய்ப் பார்த்துக்கலாம்” என்பது பணத்தை வீணாக்கும் வழி. மாண்டரினில் தொனியை விட்டுப் பார்த்தால் சுமார் 400 அசைகள், தொனியோடு சுமார் 1300. உலக மொழிகளில் இது சின்னக் கணக்கு. எட்டு முதல் பத்து வாரம், நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி பின்யின் அட்டவணை முழுவதையும் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுச் சொல்லிப் பழகுங்கள். கூடவே 300 சொற்கள் போதும்.

அங்கே வகுப்பில் உச்சரிப்புக்கு ஒன்று அல்லது இரண்டு வாரம்தான் கொடுப்பார்கள். அதன்பின் பாடம் ஓடும். ஆசிரியருக்கு வெளிநாட்டு உச்சரிப்பு பழகிப்போனதால் தப்பாகச் சொன்னாலும் புரிந்துகொள்வார், திருத்த மாட்டார். மூன்றாம் மாதம் டாக்ஸிக்காரருக்குப் புரியாதபோதுதான் விஷயம் தெரியும். அதற்குள் தப்பு இறுகியிருக்கும்.

தொனி வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

தனி அசையாகப் பழகுவதை நிறுத்துங்கள். ‘மா மா மா மா’ நாலும் தனியாகச் சரியாக வரும், வாக்கியத்தில் கலைந்துவிடும். பழக வேண்டியது இரட்டைச் சேர்க்கை. முதல் அசைக்கு நான்கு தொனி, இரண்டாவதற்கு லேசான அசையையும் சேர்த்து ஐந்து, ஆக 20 சேர்க்கைகள். இரண்டு 3 அடுத்தடுத்து வந்தால் முதலாவது 2 ஆகிவிடுவதால், காதில் விழும் சேர்க்கை 19தான். ஒவ்வொன்றுக்கும் ஐந்து சொல் எடுத்தால் 100 சொற்கள். நாளுக்குப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். வாரம் ஒருமுறை சீன நண்பர் ஒருவரிடம் பட்டியலைக் காட்டாமல் ஒலியை மட்டும் கொடுத்து, கேட்ட தொனி எண்ணை எழுதச் சொல்லுங்கள். ஐந்தில் இரண்டு தவறினால் அந்தச் சேர்க்கை அடுத்த வாரமும் தொடரும். “நல்லா இருக்கு” என்ற பாராட்டை நம்ப வேண்டாம், எண்ணை நம்புங்கள்.

தமிழர் வாயில் வழக்கமாக வரும் பிழைகள் மூன்று. ஒன்று, கேள்வி கேட்கும்போது கடைசியில் குரலைத் தூக்குவது. 4ஆம் தொனிச் சொல் கடைசியில் வந்தால் அது 2 ஆகிவிடும். இரண்டு, 3ஆம் தொனியைப் படத்தில் போட்டிருப்பது போலக் கீழே போய் மேலே வருவதாகவே எப்போதும் சொல்வது. ஓடும் பேச்சில் அது பெரும்பாலும் கீழேயே தங்கிவிடும் தாழ்ந்த ஒலி. மூன்று, 1ஆம் தொனியை உச்சியில் பிடிக்காமல் நடுவில் பிடிப்பது. மாய்3 என்றால் வாங்குவது, மாய்4 என்றால் விற்பது. கடையில் இந்த ஒன்றை மாற்றிச் சொன்னால் பேரமே தலைகீழ்.

மெய்யொலிகளில்?

பா4பா (அப்பா) என்பதை பின்யின் எழுத்தைப் பார்த்து ஹிந்தி ‘பாபா’ போல அதிரச் சொல்லிவிடுகிறோம். வேண்டியது ‘பல்’லின் முதல் எழுத்துத்தான், அதிர்வே கிடையாது. ஆக அதன் ஜோடியான ஒலிக்குத்தான் உழைப்பு தேவை. பா4 (பயப்படு) என்பதைக் காற்று தள்ளிச் சொல்ல வேண்டும், ஹிந்தியில் பழத்துக்கான சொல்லைப் போல. உதட்டின் முன் மெல்லிய தாளைப் பிடித்துப் பாருங்கள், முதலாவதற்கு ஆடக் கூடாது, இரண்டாவதற்கு ஆட வேண்டும். த, க, ச வரிசைக்கும் இதே கணக்கு. ஹிந்தி தெரிந்தவருக்கு இது பாதி வேலை.

நாமும் சளைத்தவர்கள் அல்ல: ‘ழ’ சொல்ல வருகிறவருக்கு மாண்டரினின் நாமடி ‘ர’ ஏறக்குறைய கையிலேயே இருக்கிறது. ‘ஈ’ சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவிக்கும் உயிரொலி புதிது. கடைசி ‘ங்’குக்குப் பின்னால் ‘கு’ ஒட்டாமல் நிறுத்தப் பழகுங்கள். ‘பெய்ஜிங்கு’ என்றால் நம்மூர்க்காரர் என்று தெரிந்துவிடும்.

இலக்கணத்துக்கு எந்த மொழியில் யோசிப்பது நல்லது?

தமிழில். கிடைக்கிற பாடநூல் எல்லாம் ஆங்கில வழி என்பதால் ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்து மாற்றுகிறார்கள். அங்கேதான் பிசகுகிறது. ‘நான் நாளைக்கு பெய்ஜிங்கில் படிக்கிறேன்’: நான், நாளை, பெய்ஜிங்கில், படி. சீனத்திலும் இதே வரிசை. ஆங்கில வழியில் வந்தவர் நாளையையும் பெய்ஜிங்கையும் வினைக்குப் பின்னால் போட்டுத் திருத்து வாங்குவார். ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பது ட்ஸுவோ2தியென்1 மாய்3 த ஷூ1: நேற்று, வாங்கு, ‘த’, புத்தகம். நம் பெயரெச்சத்தின் வேலையை அந்த ‘த’ செய்கிறது. ‘இவன் அவனை விட உயரம்’ என்பதிலும் ஒப்பிடப்படுபவர் முன்னால், உயரம் கடைசியில்.

அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்குத் தனித்தனிச் சொல் அங்கேயும் உண்டு: கெ1கெ, தீ4தி, ஜியே3ஜியே, மெய்4மெய். கேட்பவரையும் சேர்த்த ‘நாம்’ என்பதற்கு வடசீனத்தில் ட்ஸான்2மென் என்று தனிச்சொல் இருக்கிறது. ‘மூணு பேர்’ என்று ஆளுக்கு மட்டும் நாம் எண்ணோடு ஒரு சொல்லைச் செருகுகிறோம். அவர்கள் எல்லாப் பொருளுக்கும் செருகுவார்கள். தட்டையானதற்கு ஒன்று, நீளமானதற்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று. பொருளோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள், பட்டியலாகப் படித்தால் நிற்காது.

ஏமாற்றும் இடமும் உண்டு. வினைக்குப் பின்னால் வரும் ‘ல’ இறந்தகால விகுதி என்று தமிழ் மனம் முடிவு கட்டிவிடும். இல்லை. ‘மழை வரப்போகுது’ என்பதும் யாவ்4 ஷியா4 யூ3 ல. நிலை மாறுகிறது என்பதையே அது சொல்கிறது.

எண்ணில் ஆங்கில ஆயிரம், மில்லியனை மறந்துவிடுங்கள். அவர்கள் அலகு வான்4, அதாவது பத்தாயிரம். 1 லட்சம் 10 வான், 1 கோடி 1000 வான், 10 கோடிக்கு யீ4 என்று தனி அலகு. லட்சம், கோடியிலிருந்து நேரே தாவுவது மில்லியன் வழியே சுற்றுவதை விடச் சுலபம்.

விடுதியில் எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள். மொழிச்சூழல் எங்கே?

சீனாவில் பல பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் விடுதி தனிக்கட்டடம். அங்கே பொதுமொழி ஆங்கிலம். ஊர் மாறினால் மொழி தானாக வந்துவிடாது. முதல் பருவத்தை விடுதியில் கழித்துவிட்டு, இரண்டாவதில் சீன மாணவர்களோ வேலை பார்ப்பவர்களோ இருக்கும் வீட்டில் ஓர் அறை பாருங்கள். ஒப்பந்தத்துக்கு முன்பு வீட்டுக்காரர் காவல் நிலையப் பதிவுக்கு ஒத்துழைப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் மறுப்பார்கள்.

மாற முடியாவிட்டால், ஒரே டீக்கடை, ஒரே பழக்கடை, ஒரே முடிவெட்டும் கடை என்று திரும்பத் திரும்பப் போங்கள். புதுக் கடையில் ஒவ்வொரு தடவையும் ‘எந்த நாடு, எத்தனை நாளாச்சு’ என்ற அதே மூன்று கேள்விதான். நாலாவது தடவை அதே அம்மாவிடம் போனால்தான் மழை, மகன், வாடகை என்று பேச்சு நீளும்.

ஒரு நாளுக்கு எவ்வளவு நேரம்?

வகுப்பு 3 மணி நேரம். வீட்டுப்பாடம் 2. வகுப்புக்கு வெளியே வாய் திறந்து பேசுவது குறைந்தது 1. ஒரு நிமிட ஒலிப்பதிவைக் கேட்டுச் சொல்லுக்குச் சொல் எழுதுவது 30 நிமிடம். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நாலாவது, ஐந்தாவது மாதத்தில் ‘ஆசிரியர் பேசினால் புரிகிறது, தெருவில் புரியவில்லை’ என்ற புலம்பல் வருவது அதனால்தான்.

நினைவு அட்டைச் செயலியில் நாளுக்கு 20 புது அட்டை போட்டால், சில வாரங்களில் நாளுக்கு 150, 200 மறுபார்வை குவியும். மூன்று நாள் ஊர் சுற்றப் போய் வந்தால் மலை. 10 போதும்.

எழுத்தைக் கையால் எழுதத்தான் வேண்டுமா?

முதல் 300, 400 எழுத்து வரை ஆம். எழுத்தின் உறுப்புகளும் கோடு போடும் வரிசையும் கையில் ஏறினால்தான் ஒத்த எழுத்துகள் குழம்பாது. அதற்குமேல் பின்யின் தட்டச்சு போதும், தேர்வு கேட்டால் ஒழிய.

மற்ற மொழிகளை எப்படி வைத்துக்கொள்வது?

மொழிகளை மூன்றாகப் பிரியுங்கள். எல்லாவற்றையும் சமமாக ஓட்ட நினைத்தால் மாண்டரினும் வராது, மற்றவையும் தங்காது.

வீட்டு மொழிகளான தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனிப் படிப்பு நேரம் தேவையில்லை. இரண்டாவது, நன்றாகப் பேசவரும் அந்நிய மொழி, நாவல் படிக்கிற, தடங்கலில்லாமல் அரட்டை அடிக்கிற அளவுக்கு. இதற்கு முதல் 12 வாரம் வாரம் ஒரு மணி நேரம் காது கொடுத்தால் போதும். பிறகு வாரம் இரண்டு முறை 45 நிமிடம், ஒன்று பேச்சு, ஒன்று வாசிப்பு. நாளைக் குறித்து வையுங்கள், ‘நேரம் கிடைக்கும்போது’ என்றால் கிடைக்காது.

மூன்றாவதுதான் மனம் வலிக்கும் இடம்: பாதியில் நிற்கும் மொழி. கடைசியாகத் தொடங்கிய, ஆயிரம் சொல்லோடு தடுமாறும் மொழி. அதை வளர்க்கப் பார்க்காதீர்கள், கட்டி வையுங்கள். கிளம்பும் முன் ஒரு மூட்டை தயார் செய்ய வேண்டும்: ஏற்கெனவே கேட்டுப் புரிந்த ஒலிப்பதிவு பத்து மணி நேரம், ஏற்கெனவே படித்த ஒரு புத்தகம், அதிகம் பயன்படுத்தும் 500 சொல்லின் அட்டை, உங்கள் அன்றாடத்தைப் பற்றி நீங்களே அந்த மொழியில் எழுதித் திருத்தி வாங்கிய இரண்டு பக்கம். அட்டையில் புதுச்சொல் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள், மறுபார்வை மட்டும், நாளுக்குப் பத்து நிமிடம். ஒருமுறை கற்று மறந்ததைத் திரும்பக் கற்பது புதிதாகக் கற்பதை விட வேகம். அந்த வேகத்தை நம்பித்தான் கட்டி வைக்கிறோம்.

அந்த வருடத்தில் இன்னொரு புது மொழி தொடங்கவே வேண்டாம். பக்கத்து அறைக் கொரிய நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

சீனாவில் யூடியூப், வாட்ஸப் திறக்காதே?

திறக்காது, கூகுளும்தான். மற்ற மொழிகளின் தீனி முழுக்க இணையத்தில் இருப்பவருக்கு இது பெரிய அடி. மூட்டையைக் கிளம்பும் முன்பே இறக்கி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். சொந்த நாட்டு சிம்மின் ரோமிங் டேட்டா பொதுவாகத் தாய்நாட்டு வலையமைப்பு வழியாகப் போவதால் இவை திறக்கும், செலவு அதிகம். சீனாவில் வாழ்க்கையே வீசாட் என்ற அரட்டைச் செயலியில் ஓடுகிறது. இந்தியாவிலோ 2020 ஜூனில் அது தடை செய்யப்பட்டது. ஆக இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அங்கே இறங்கி உள்ளூர் எண் வாங்கியபின் கணக்குத் தொடங்குங்கள். ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் உறுதிப்படுத்த வேண்டிவரும், வகுப்பு அலுவலகத்தில் கேட்டால் உதவுவார்கள். வீட்டோடு பேச வீசாட்டை நம்ப முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். தைவானில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

பிரெஞ்சு பேச வாய் திறந்தால் சீனம் வருகிறது. மறந்துவிட்டதா?

மறக்கவில்லை. ‘ஆனால்’, ‘அப்புறம்’, ‘ஆமாம்’, ‘ஏன்னா’ போன்ற சின்னச் சொற்கள்தான் முதலில் குதிக்கும், நாளெல்லாம் அதிகம் புழங்குபவை அவை. தாய்மொழிக்குள் அவ்வளவாக நுழையாமல், வளர்ந்தபின் கற்ற மொழிகளுக்குள்தான் இது நடக்கும். மாண்டரின் தானாக வரத் தொடங்கியதன் அடையாளம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அழைப்புக்குப் பத்து நிமிடம் முன்பு அந்த மொழியில் ஒரு பக்கம் உரக்கப் படியுங்கள், பாதி சரியாகிவிடும். ஆறாவது மாதத்துக்குப் பின் ஒரே படத்தை இரண்டு நிமிடம் சீனத்தில், இரண்டு நிமிடம் பிரெஞ்சில், மறுபடி சீனத்தில் விவரிக்கும் பயிற்சி பலன் தரும். அதற்கு முன்பு செய்தால் இரண்டும் குழம்பும்.

ஜப்பானியம் தெரியும். லாபமா நஷ்டமா?

வாசிப்புக்கு லாபம், காதுக்கு நஷ்டம். கண் பார்த்ததும் பொருள் புரிந்துவிடுவதால் ஒலியைக் கற்காமலே பக்கம் பக்கமாகத் தாண்டுவார்கள், வாய் திறந்தால் ஒன்றும் வராது. புதுப்பாடத்தை முதலில் காதால் மட்டும் கேளுங்கள், புத்தகம் பிறகு. பொருள் மாறும் சொற்களும் உண்டு: ஜப்பானியத்தில் ‘தெகாமி’, அதாவது கடிதம், என்று படிக்கும் அதே இரண்டு எழுத்து சீனத்தில் ஷோவ்3ஜீ3, கழிப்பறைத் தாள்.

தமிழ் மறந்துவிடுமா?

வளர்ந்தவருக்கு ஒரு வருடத்தில் மறக்காது, சொல் எடுக்கும் வேகம் மட்டும் குறையும். அந்த வாரம் படித்த சீன இலக்கணத்தை வாரம் ஒரு பக்கம் தமிழில் கையால் எழுதுங்கள், ஒரே கல்லில் ரெண்டு மாங்கா. சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963இலேயே தொடங்கியது, பெய்ஜிங்கில் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் சீன மாணவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் முப்பது நிமிடம் தமிழ், முப்பது நிமிடம் சீனம் என்று அலாரம் வைத்துப் பேசுங்கள். அலாரம் இல்லாவிட்டால் யாருக்கு எது நன்றாக வருகிறதோ அந்த மொழியிலேயே பேச்சு தங்கிவிடும்.

ஒரு வருடத்தில் எந்த நிலைக்கு வரலாம்?

அமெரிக்க வெளியுறவுத்துறைப் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுபவர் மாண்டரினில் வேலைத்திறன் பெற 2200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதே பட்டியலில் தமிழுக்கு 1100. வாரம் 15 மணி வீதம் 44 வாரம் போனால் 660. ஆகவே பூஜ்யத்திலிருந்து போனவர் எச்எஸ்கே என்ற சீன மொழித் தகுதித் தேர்வில் பழைய முறையின் 4ஆம் நிலையை (1200 சொல்) நிம்மதியாகவும், 5ஆம் நிலையை (2500 சொல்) கடுமையாக உழைத்தும் தொடலாம். 2021இல் வந்த புதிய தரத்தில் ஒன்பது நிலைகள், சொல் எண்ணிக்கையும் வேறு. கல்லூரியோ வேலையோ எந்த முறையைக் கேட்கிறது என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

கட்டி வைத்த மொழியை எப்போது அவிழ்ப்பது?

திரும்பி வந்த மறுநாளே அல்ல. முதல் மாதம் மாண்டரின் வேகமாகக் கரையும், அதற்கு வாரம் மூன்று முறை 30 நிமிடப் பேச்சை முன்கூட்டியே ஏற்பாடு செய்து கொள்ளுங்கள். இரண்டாவது மாதம் மூட்டையைப் பிரியுங்கள்: முதலில் பத்து மணி நேர ஒலி, பிறகு பழைய புத்தகம், கடைசியாக நீங்கள் எழுதிய அந்த இரண்டு பக்கத்தை இப்போதைய வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றி எழுதுவது. புதுச்சொல் அட்டையைத் திறப்பது அதற்கும் பிறகுதான்.